உப்புத் தண்ணீரில் தேய்த்த வண்டி

பெயிண்டுக்கு அடிப்பூச்சாகப் பிரைமர் அடித்து நிற்கிற வண்டியைப் பார்த்து யாரும் ஆசைப்பட மாட்டார்கள். உடம்பெல்லாம் சாம்பல் பூசினதுபோல நிற்கும். முன்பு அது சிவப்பா பச்சையா, யாருடைய வண்டி, எந்த ஊருக்குப் போனது, எதில் இடித்தது, ஒன்றையும் வாய் திறந்து சொல்லாது. நம்பர் பிளேட்டைக் கழற்றிவிடுவார்கள். கண்ணாடிகளுக்குப் பழைய செய்தித்தாளை ஒட்டிவிடுவார்கள். அப்படி ஊரும் பேரும் இல்லாமல் நிற்கிற சமயத்தில்தான் வண்டி சண்முகவடிவின் கைக்கு வரும்.

தூத்துக்குடி எட்டயபுரம் சாலையில் ராஜதுரை அண்ணாச்சியின் பெயிண்டிங் ஷெட் இருக்கிறது. அங்கே ஸ்ப்ரே அடிப்பவன் ஜெனோ, தேய்ப்பவள் வடிவு. வண்டியை எடுக்க வருகிறவர்கள் ஜெனோவின் தோளைத் தட்டி, "மொகம் பாக்கலாம் போலருக்கே" என்று புகழ்ந்துவிட்டுப் போவார்கள். அந்த மினுமினுப்புக்கு அடியில் ஒருத்தி நாள் முழுக்கக் குந்தியிருந்து விரல் தோல் உரியத் தேய்த்திருக்கிறாள் என்பது அவர்கள் கணக்கில் வராது. வராவிட்டால் போகட்டும். வடிவு புகழுக்கு ஏங்குகிற ஆள் இல்லை. அவள் ஏங்கியது வேறொன்றுக்கு.

டிங்கரிங் பட்டறையில் நசுங்கலைத் தட்டி நிமிர்த்துவார்கள். நிமிராத பள்ளத்தை நிரப்பப் பட்டி என்கிற பசையைப் பூசுவார்கள். மேலே சாம்பல் நிறப் பிரைமரை அடித்து, வேலை முடிந்தது என்று அனுப்பிவிடுவார்கள். பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கும். வடிவு நம்ப மாட்டாள். கருப்புப் பெயிண்டைத் தின்னரில் நீர்க்கக் கரைத்து, வண்டி மேல் லேசாகத் தூவச் சொல்வாள். காய்ந்ததும் ரப்பர் கட்டையில் வாட்டர் பேப்பர் என்கிற தேய்ப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு, தண்ணீர் விட்டு விட்டுத் தேய்ப்பாள். மேட்டில் இருக்கிற கருப்பு உடனே போய்விடும். பள்ளத்தில் இருப்பது போகாமல் ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடித்து ஒழிப்பதுதான் வேலை. எல்லாம் போன பிறகும் அவளுக்குத் திருப்தி வராது. கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை விரித்துத் தடவிப் பார்ப்பாள். தலைமுடி அளவு மேடு இருந்தாலும், "இங்கன ஒருத்தன் ஒக்காந்திருக்கான்" என்பாள். அந்த ஒருத்தன் எழுந்து போகிறவரை விடமாட்டாள்.

தண்ணீர் விஷயத்தில் அவள் ராட்சசி. தூத்துக்குடியில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணீர். கை கால் கழுவலாம், தரையைக் கழுவலாம், பிரைமர் மேல் மட்டும் படக்கூடாது. பிரைமர் தண்ணீரைக் குடிக்கும். தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு உள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். மேலே எவ்வளவு ஒசத்தியான பெயிண்டை அடித்தாலும், ஒரு மழைக்காலம் கழிந்ததும் அம்மை போட்டதுபோல உடம்பெங்கும் கொப்புளம் கிளம்பிவிடும். வடிவு வருவதற்கு முன்னால் எவனோ சோம்பேறி ஒருவன் போர்த் தண்ணீரில் தேய்த்துவிட, ஒரு கல்யாண வீட்டுக் கார் அப்படிக் கொப்புளம் போட்டு, அண்ணாச்சி பஜாரில் தலை காட்ட முடியாமல் திரிந்தாராம். அதிலிருந்து தேய்ப்புக்கு ஆற்றுத் தண்ணீர்தான். குழாயில் வருகிற தாமிரபரணித் தண்ணீரை நீல டிரம்மில் பிடித்து மூடி வைப்பார்கள். போர்த் தண்ணீர் கருப்பு டிரம்மில். நீல டிரம்மில் யாராவது கையை விட்டால் வடிவின் வாயிலிருந்து வருகிற சொற்களை இங்கே எழுத முடியாது. "கோயில் தீர்த்தத்துலகூடக் கைய விட்டுறலாம், யக்கா டிரம்முல விட முடியாது" என்பான் ஜெனோ.

உப்பைப் பற்றி அவளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிறந்தது ஏரல் பக்கம், ஆற்றுப் பாசனத்து வயல்காட்டுக் குடும்பம். பேச்சிராஜாவுக்கு வாழ்க்கைப்பட்டு முத்தையாபுரம் வந்த பிறகு உப்பளத்துக்குப் போனாள். பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்துச் சமப்படுத்துகிற வேலை. எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று குனிந்து பார்க்காமலே சொல்லிவிடுவாள். காலுக்கு வந்த அந்தப் புத்திதான் பிற்பாடு கைக்கும் வந்தது.

பேச்சிராஜா துறைமுகத்தில் லோடுமேன். விடியுமுன்பே மொபட்டில் கிளம்பிவிடுவான். அவன் மொபட் ஓட்டுகிற லட்சணம் தெருவுக்கே ஒரு வேடிக்கை. சாலையோரத்து வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே வரவே மாட்டான். "ஏலே பேச்சி, ரோடு ஒனக்கும் சேத்துத்தாம்ல போட்டிருக்கு, ஏன் முள்ளுக்குள்ள போற?" என்று கேலி செய்வார்கள். "லாரிக்காரனுக்கு ஆயிரம் அவசரம், எனக்கு என்ன அவசரம்" என்பான்.

அப்படிப்பட்டவன் ஒரு மார்கழி மாதத்து விடியலில், துறைமுகச் சாலையில், ஒரு குட்டியானை அடித்துச் செத்துப்போனான். குட்டியானை என்றால் ஊருக்குள் உப்பும் மீனும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு ஓடுகிறதே, அந்தச் சின்ன லோடு வண்டி. ஓட்டியவன் கோர்ட்டுக் கூண்டில் ஏறி, "அவர்தான் குறுக்கே வந்துவிட்டார்" என்றான். பார்த்த சாட்சி யாரும் இல்லை. அவன் சொன்னதையே எழுதிக்கொண்டு அவனை விட்டுவிட்டார்கள்.

அந்தக் குறுக்கே என்ற ஒரு சொல் கோர்ட்டிலிருந்து டவுன்பஸ் ஏறித் தெருவுக்கு வந்து சேர்ந்தது. தெருவுக்கு வந்த சொல்லுக்குக் கையும் காலும் முளைக்காமல் இருக்குமா? குறுக்கே ஏன் வந்தான், குடித்திருப்பான் என்றார்கள். அவன்தான் குடிக்க மாட்டானே என்றால், அப்படியானால் வீட்டில் ஏதோ வெறுப்பு என்றார்கள். உப்பளத்தில் கூட வேலை பார்த்தவள், அதே தெருவில் இருக்கிற சீனித்தாய், ஒருநாள் தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டே கேட்டாள். "ஏளா வடிவு, எங்கிட்ட மறைக்காமச் சொல்லு. முந்தின நாளு ரெண்டு பேருக்கும் ஏதும் சத்தமா?"

வடிவு சோற்றை மூடிவிட்டு எழுந்தாள். கையைக் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தவள், மறுபடி உப்பளத்துப் பக்கம் போகவே இல்லை. புருஷன் செத்ததைக்கூட எப்படியோ தாங்கிக்கொண்டாள். செத்தவனையே அவன் சாவுக்குக் காரணமாக்கி, அதற்கும் ஒரு காரணமாகத் தன்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. மகள் ஜெயபிரியா அப்போது பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் யாரோ கேட்டுவிட்டார்கள், ஒங்கப்பா குடிப்பாராமே என்று. பிள்ளை அழுதுகொண்டே வந்தது. அன்றிலிருந்து வடிவுக்கு ஒரே ஒரு ஏக்கம்தான். அவர் ஓரமாகத்தான் போனார் என்று உலகத்தில் யாராவது ஒரு ஆள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவளைப் பெற்ற தாய் தகப்பன் சொன்னார்கள், அது சேர்த்தி இல்லை. சொந்தம் சொல்வது ஆறுதல், சாட்சி ஆகாது.

ஊரின் இந்தப் பக்கம் வேலை தேடி வந்து ராஜதுரை அண்ணாச்சியின் ஷெட்டில் நின்றாள். "பொம்பளைக்கு இங்கன என்ன வேல இருக்கு?" என்றார் அவர். ஒரு பழைய கதவையும் பேப்பரையும் கொடுத்து, விளையாட்டாகத் தேய்க்கச் சொன்னார். தேய்த்து முடித்ததும் தடவிப் பார்த்தார். "நாளைக்குக் காலைல வந்துரு" என்று மட்டும் சொன்னார். வந்தவள்தான். மகள் இப்போது காலேஜுக்குப் போகிறாள், வடிவு இன்னும் தேய்க்கிறாள்.

இந்தக் கோடையில் ஷெட்டுக்கு ஒரு குட்டியானை வந்தது. சாம்பல் பூசி, நம்பர் பிளேட் இல்லாமல், எல்லா வண்டியும் வருகிற மாதிரிதான் வந்தது. குட்டியானை வந்தாலே ஒருகாலத்தில் வடிவு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தூத்துக்குடியில் தடுக்கி விழுந்தால் குட்டியானை. ஒவ்வொன்றுக்கும் முகத்தைத் திருப்பினால் பிழைப்பு ஓடுமா? பழகிவிட்டாள்.

வண்டியின் மற்ற பாகமெல்லாம் சொன்னபடி கேட்டது. இடதுபக்க முகப்பில், விளக்குக்குக் கீழே ஓர் இடம் மட்டும் முரண்டு பிடித்தது. ஆழமான நசுங்கல் போலிருக்கிறது. தட்டி எடுக்க முடியாமல் பட்டியை அப்பியிருந்தார்கள். தகரம் கைக்குச் சில்லென்று இருக்கும், பட்டி அப்படி இருக்காது. உள்ளங்கையை வைத்தால் அந்த இடம் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது. தேய்த்தால் ஒரு ஓரத்தில் கருப்பு மிஞ்சியது, இன்னும் தேய்த்தால் மறு ஓரம் மேடாகத் தெரிந்தது. "பட்டிய வழிச்சிட்டுப் புதுசா வையி ஜெனோ" என்றாள். வைத்தான். காய்ந்ததும் தேய்த்தாள். பிரைமர் அடிக்கச் சொன்னாள். கருப்பு தூவச் சொன்னாள். மறுபடி தேய்த்தாள். அந்த ஓர் இடத்தோடு மல்லுக்கட்டியதில் ஒரு பகல் முழுக்கக் கழிந்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தடவியபோது கை வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்கு ஒரே சந்தோஷம். குழந்தையின் கன்னத்தைத் தட்டுவதுபோல அந்த இடத்தை லேசாகத் தட்டிவிட்டுப் பின்பக்கம் தேய்க்கப் போனாள்.

அடுத்த நாள் மத்தியானம் வண்டிக்காரன் வந்தான். வடிவு பின்சக்கரத்துப் பக்கம் குந்தியிருந்தாள். அவன் கண்ணில் அவள் படவில்லை, அவளுக்கும் அவன் குரல் மட்டும்தான் கேட்டது.

"அண்ணாச்சி, பழைய நீலம் வேண்டாம். வெள்ள அடிச்சிருங்க."

"ஏன்வே, நீலத்துக்கு என்ன கொறச்சல்?" என்றார் ராஜதுரை.

"கோயில்ல கோமரத்தாடி சாமியாடிச் சொன்னாரு. இது காவு வாங்குன வண்டியாம். நெறத்த மாத்தலன்னா திரும்பவும் ஆளு கேக்குமாம். வீட்டுலயும் ஒண்ணு மாத்தி ஒண்ணு சீக்காத்தான் இருக்கு."

"காவா? எங்கனவே?"

"ஹார்பர் ரோட்டுல. மூணு வருசமாச்சு. லோடுமேன் ஒருத்தரு." தகடு ஒன்று சுவரில் உரசுகிற சத்தம் கேட்டது. "இந்த நம்பரையும் புதுசா எழுதிருங்க அண்ணாச்சி." பிளேட்டைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

வடிவு எழுந்து போய்ப் பார்த்தாள். அந்த எண் அவளுக்கு மனப்பாடம். கோர்ட்டில் வாய்தாவுக்கு வாய்தா பேச்சிராஜாவின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அந்த எண்ணைத்தான் வாசிப்பார்கள்.

முதலில் அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பிறகு விளக்குக்குக் கீழே இருக்கிற அந்த இடம் நினைவுக்கு வந்தது.  அந்தப் பள்ளம் அவள் புருஷனின் உடம்பு பட்டு விழுந்த பள்ளம். அதை ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து, பட்டி வைத்து, பேப்பர் மாற்றி மாற்றி, பார்த்துப் பார்த்துத் தேய்த்து மறைத்தது அவள் கை. மறைத்துவிட்டுச் சந்தோஷம் வேறு பட்டிருக்கிறாள். தட்டிக் கொடுத்திருக்கிறாள். தன் கையை வெட்டிப் போட்டால்கூட ஆறாது போலிருந்தது அவளுக்கு.

"யக்கா, நாளைக் காலைல அடிச்சிரலாம்லா?" என்று கேட்டான் ஜெனோ.

"கடைசித் தேப்பு இருக்கு. முடிச்சி வச்சிருதேன்" என்றாள்.

ஜெனோ டீ குடிக்கப் போனான். அண்ணாச்சி போனில் யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வடிவு வாளியை எடுத்துக்கொண்டு போய்க் கருப்பு டிரம்மின் மூடியைத் திறந்தாள்.  முகப்பு, இடதுபக்கக் கதவு, அந்தப் பக்கத்துப் பலகை எல்லாவற்றிலும் போர்த் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தேய்த்தாள். கடைசித் தேய்ப்புக்கான மெல்லிய பேப்பர், சத்தமே வராது. ஈரத்தைத் துடைக்காமல் அப்படியே காயவிட்டாள். காய்ந்த பிறகு பார்த்தால் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைப் பெயிண்ட் பளபளக்கும். கார்த்திகை மழை கழியட்டும். நிறம் மாற்றித் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறானே, அவன் வீட்டு வாசலிலேயே இந்த வண்டி கொப்புளம் கொப்புளமாக வெடிக்கட்டும். என்ன பூசினாலும் போகாது என்று அவனுக்குத் தெரியட்டும். அவள் மனசு அப்படித்தான் சொன்னது.

வீட்டில் சோற்றைத் தட்டில் வைத்துக் கொடுத்த ஜெயபிரியா, அம்மாவின் கையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உப்பளத்துக்கா போன? கையெல்லாம் பூத்துப்போயிருக்கு" என்றாள். வடிவு பார்த்தாள். விரல் இடுக்கெல்லாம் வெள்ளைக் கோடு. எழுந்து போய்க் கழுவினாள். சாப்பாடு இறங்கவில்லை. ஷெட்டுக்கு வந்த நாளிலிருந்து எந்த வண்டியிலும் ஒரு குறை வைத்தது கிடையாது என்ற ஒரு கர்வம்தான் அவளிடம் மிச்சம் இருந்தது. அதுவும் இன்றைக்குப் போயிற்று என்று நினைத்தாள். போனால் போகட்டும் என்றும் நினைத்தாள்.

காலையில் ஷெட்டுக்குப் போனபோது அவன் அங்கே இருந்தான். சுடலைக்கண்ணன். கோர்ட்டில் பார்த்ததைவிட இளைத்துப்போயிருந்தான். புது நிறம் ஏறும்முன் கும்பிட்டுக்கொள்ள எலுமிச்சம்பழமும் சூடமும் வாங்கி வந்திருந்தான். ராஜதுரை பாய்ந்து வந்து சூடத்தைப் பிடுங்கினார். "ஏலே, தின்னர் இருக்குற எடத்துல சூடம் கொளுத்துனா வண்டிக்கு மட்டுமில்ல, நம்ம எல்லாருக்கும் சேத்துல்லா காரியம் பண்ணணும்!" சுடலைக்கண்ணன் பழத்தை மட்டும் சக்கரத்தின் கீழே வைத்தான். ஜெனோ கம்ப்ரசரைப் போட்டுவிட்டு ஸ்ப்ரே கன்னில் பெயிண்ட் ஊற்றிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லாம் மூடிவிடும். வடிவு தூணோரம் நின்றாள். வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் வந்திருந்தாள்.

சுடலைக்கண்ணன் வண்டியின் முகப்புக்குப் போனான். வலது கையைத் தூக்கி, விளக்குக்குக் கீழே வைத்தான். தேடவில்லை, தடவவில்லை. நேராகக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தான்.

 அந்த இடம் இப்போது கண்ணுக்குத் தெரியாது. டிங்கரிங் செய்தவனைக் கூப்பிட்டுக் கேட்டாலும் காட்ட முடியாது. அவ்வளவு சுத்தமாக அவளே மறைத்திருக்கிறாள். அவள் கை ஒன்றுக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தாள். இதோ இன்னொரு கைக்கும் தெரிந்திருக்கிறது. அவன் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றான். தோள் குலுங்கியது.

"கைய எடும்" என்றாள் வடிவு. அவளை அறியாமல் வந்துவிட்டது. "பிரைமர் மேல கை வைக்கக் கூடாது."

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். பார்த்தான். முகம் செத்துப்போனது.

"நீங்க... பேச்சிராஜா அண்ணன் வீட்டுல..."

"பேரெல்லாம் ஞாபகம் வச்சிருக்கீரே."

"மறக்க முடியுமாக்கா."

"எடங்கூட மறக்கல. தேடாமக் கொண்டு வச்சீரே."

"மூணு வருசமா நசுங்குனபடியேதாங்க்கா ஓட்டுனேன். தட்டி எடுக்க மனசு வரல. தெனமும் காலைல அதத்தான் பாத்துட்டு ஏறுவேன். இப்பந்தான், வீட்டுல நிம்மதி இல்லன்னு..."

அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மூன்று வருஷமாக அவள் சுமந்த கேள்வி. "கோர்ட்டுல நீரு சொன்னது நெசமா?"

கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. அவன் ராஜதுரையைப் பார்த்தான், ஜெனோவைப் பார்த்தான். இரண்டு பேர் காதில் விழும் என்று தெரிந்தேதான் சொன்னான்.

"பொய்க்கா. வக்கீலு அப்பிடிச் சொல்லச் சொன்னாரு. அண்ணன் குறுக்க வரல. வெள்ளக் கோட்டுக்கு அங்கிட்டு, ஓரமாத்தான் போனாரு. நாந்தான் வேம்பார்ல லோடு ஏத்திட்டுத் தூங்காம வந்தேன். கண்ணசந்துட்டேன். வண்டிதான் அவரு பக்கம் போச்சி."

ஓரமாத்தான் போனாரு. அந்தச் சொல்லைக் கேட்டால் கதறி அழுவோம் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். அழுகை வரவில்லை. இவனை அடிப்போம் என்று நினைத்திருக்கிறாள், கையும் எழவில்லை. உப்பளத்து வெயிலில் பகலெல்லாம் நின்றுவிட்டு நிழலுக்கு வந்தால் முதலில் ஒன்றும் தெரியாமல் ஒரு தலைசுற்று வருமே, அப்படி வந்தது. தூணைப் பிடித்துக்கொண்டாள். பிறகு ஜெனோ பக்கம் திரும்பினாள்.

"ஜெனோ, கம்ப்ரசர அமத்து. இன்னைக்கு அடிக்கக் கூடாது."

"ஏங்க்கா?"

"இந்தப் பக்கம் பூரா போர்த் தண்ணி ஊத்தித் தேச்சிருக்கேன்." ராஜதுரையைப் பார்த்துச் சொன்னாள். "தெரிஞ்சேதான் தேச்சேன் அண்ணாச்சி."

 ராஜதுரை எப்போதும் சத்தத்திலேயே வாழ்கிற மனிதர். அன்றைக்கு அவளையும் பார்த்து, அவனையும் பார்த்து, தலையில் கை வைத்துக்கொண்டு பெயிண்ட் டின் மேல் உட்கார்ந்துவிட்டார். சுடலைக்கண்ணன் உள்ளே வைத்திருந்ததைக் கக்கிவிட்டான். இனி அவள் மட்டும் மேலே வெள்ளை அடித்து மூடிவிட்டு, ராத்திரி தூங்க முடியுமா?

"நீங்க கெடுத்தாலும் நாயந்தாங்க்கா" என்றான் சுடலைக்கண்ணன். "அப்பிடியே அடிச்சிருங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வடிவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "நாயத்த எனக்கு நீரு சொல்லாண்டாம். நான் கெடுத்தது ஒம்ம வண்டியில்ல, எந் தொழில. அத நான் பாத்துக்கிடுதேன். நீரு பாக்க வேண்டியது வேற. இங்கன சொன்னத எங்க தெருவுல வந்து சொல்லணும்."

"தெருவுலயா?"

"கோர்ட்டு எனக்கு வேண்டாம். தெரு முக்குல நின்னு, பட்டப்பகல்ல, நாலு பேரு கேக்கச் சொல்லணும். எம் மக கேக்கணும்."

"அடிச்சிருவாவளே யக்கா."

"அடிச்சா வாங்கிக்கிடும்."

அவன் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

பிரைமர் குடித்த உப்பு கழுவினால் போகாது. உப்புப் பட்ட பாகம் அத்தனையையும் வடிவு தகரம் தெரிகிறவரை தேய்த்து எடுத்தாள். நீல டிரம்மிலிருந்து ஆற்றுத் தண்ணீரை மொண்டு மொண்டு கழுவினாள். ஜெனோ மறுபடி பட்டி வைத்து, புதிதாகப் பிரைமர் அடித்தான், கருப்பு தூவினான். மறுபடி முதலிலிருந்து தேய்ப்பு. ராஜதுரை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வேலையை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தாள். மூன்றாம் நாள் புது வாட்டர் பேப்பர் கட்டைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டுவிட்டு, "ஏளா, சோறு தின்னியா?" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

விளக்குக்குக் கீழே வந்தபோது அவள் கை நின்றது. பட்டியின் வெதுவெதுப்பு உள்ளங்கையில் ஏறியது. கொஞ்சம் மேடாகவே விட்டுவிட்டால் என்ன என்று தோன்றியது. பேச்சிராஜாவின் உடம்பு இந்த உலகத்தில் விட்டுவிட்டுப்போன கடைசித் தடம் அது. போட்டோவில் இருப்பது முகம்தான். இது அவன் எடை, அவன் எலும்பு. இதையும் தேய்த்துவிட்டால் பிறகு எங்கே போய்த் தொடுவாள்? கட்டையைக் கீழே வைத்துவிட்டு, அந்த இடத்தில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். அன்றைக்குத்தான் அழுதாள். ஜெனோ பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் வெளியே போய் நின்றுகொண்டான். அழுது முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கண்ணீர் பட்ட இடத்தையும் விடாமல் ஆற்றுத் தண்ணீரால் கழுவினாள். அதுவும் உப்புதானே. பிறகு தேய்த்தாள். ஒரு தலைமுடி அளவும் மிச்சம் வைக்கவில்லை.

வண்டி வெள்ளை வெளேர் என்று போனது. சுடலைக்கண்ணன் வரவில்லை, அவன் மச்சினன்தான் வந்து எடுத்துக்கொண்டு போனான். சரி, இவன் தெருவுக்கு எங்கே வரப்போகிறான் என்று வடிவு மனசைத் தேற்றிக்கொண்டாள். ஒரு ஆளாவது சொன்னானே, இரண்டு பேர் கேட்டார்களே என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் காது வாசலிலேயே கிடந்தது.

இரண்டு ஞாயிறு கழித்து வந்தான். வண்டியில் வரவில்லை, டவுன்பஸ்ஸில் வந்து இறங்கி, டீக்கடையில் வீடு விசாரித்துக்கொண்டு நடந்து வந்தான். காலை நேரம். குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்றார்கள், டீக்கடை பெஞ்சில் ஆண்கள். தெரு முக்கில் நின்று, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, கும்பிட்டான்.

"நாந்தான் பேச்சிராஜா அண்ணன அடிச்ச வண்டிக்காரன்" என்றான். "கோர்ட்டுல நான் சொன்னது பொய். அண்ணன் குறுக்க வரல. ஓரமாத்தான் போனாரு. தப்பு பூரா எம்பேர்ல. எல்லாரும் என்ன மன்னிக்கணும்."

வடிவு வாசலில் நின்றாள். பக்கத்தில் ஜெயபிரியா. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் மூன்று வருஷம் இருந்தாள். தெரு வாயடைத்து நிற்கும், ஒவ்வொரு முகமாகக் கவிழும், ஐயோ பாவி நாங்க தப்பாப் பேசிட்டோமே என்று யாராவது வந்து கையைப் பிடிப்பார்கள் என்றெல்லாம் நினைத்திருந்தாள். பதிலுக்கு என்ன பேச வேண்டும் என்றுகூட மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள்.

யாரும் வாயடைத்து நிற்கவில்லை. சீனித்தாய்தான் முதலில் பேசினாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே பேசினாள்.

"இத நீரு வந்துதான் சொல்லணுமாக்கும்? பேச்சிராஜா என்னைக்குவே நடு ரோட்டுல போயிருக்கான்? அவன் ஓரமாத்தான் போயிருப்பாம்னு நான் அன்னைக்கே சொன்னேம்லா."

"ஆமா ஆமா," என்றார்கள் டீக்கடையில். "எங்களுக்குத் தெரியாதா? குடிப்பழக்கம் கெடையாது, ஒண்ணும் கெடையாது. தங்கமான பய. நாங்க அப்பமே சொன்னோம்."

தெருவில் ஒரு ஆள் பாக்கியில்லை. எல்லோரும் அன்றைக்கே சொன்னவர்களாக இருந்தார்கள். சுடலைக்கண்ணனை யாரும் அடிக்கவில்லை. "பொறவு என்னவே, மனசாட்சி உள்ளவம்தான் நீரு, டீ குடியும்" என்று ஒருவர் டம்ளரைக்கூட நீட்டினார்.

ஜெயபிரியாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு சொன்னா? நீங்கதான அப்பா குடிச்சிருந்தாவன்னு..." என்று படியிறங்கப் போனாள். வடிவு அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். குழாயடியில் சீனித்தாய் இன்னொருத்தியிடம் பேச்சிராஜாவின் மொபட் கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தாள். முள்ளுக்குள்ள போறியேல என்று எல்லோரும் கேலி செய்ததை, அவன் சொன்ன பதிலை, அவன் குரலிலேயே சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"விடுளா," என்றாள் வடிவு. "ஓரமாத்தான் போனாவன்னு தெருவே சொல்லுது. நின்னு கேளு."